குனிந்த தலை

ஜன்னலோர மேசை சும்மா கிடைக்குமா என்று அவள் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வெளிச்சம் விழும் இடத்துக்கு அடிதடியே நடக்கும். இந்த மேசைக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை. மேலாளர் ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் போல அதைக் காட்டிவிட்டுப் போனார்.

மேசையில் பென்சில் சீவிய வாசனை அடித்தது. எல்லோரும் கணினியில் வரைகிற இடத்தில் யார் பென்சில் சீவுகிறார்கள் என்று நினைத்தாள். அதற்குள் வேலை வந்து தலைமேல் விழுந்தது.

ஒரு மருத்துவமனைக் கட்டடம், நாற்பது தாள் வரைபடம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் மூன்று வரி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். அந்த அலுவலகத்தில் பெண்களின் பெயர் முதல் வரியைத் தாண்டியதே இல்லை. இந்த முறை மூன்றாவது வரியில் உங்கள் பெயர்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் கணவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது.

"உன் பேரு வந்துச்சுன்னா நான் மாற்றலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றான் அவன். "வரலைன்னா என்கூட கிளம்பிடணும். அப்புறம் பேச்சு கிடையாது."

மூன்றாம் வாரம், மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது, அச்செடுத்து வைத்திருந்த தாளில் படிக்கட்டைச் சுற்றிப் பச்சைப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. எண்ணிப் பார்த்தாள். ஒரு படி குறைந்தது. யாருடைய வேலை என்று காபி கொண்டுவரும் அக்காவிடம் கேட்டாள். அக்கா தட்டை மேசைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா. உனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க. எல்லாரோட தப்பையும் பச்சையில திருத்துவாங்க, அதான் அந்தப் பேரு. பதினோரு வருஷம். ஒரு நாள் குனிஞ்ச மேனிக்கே உயிர் போயிடுச்சு. எப்பவும் குனிஞ்சேதான இருப்பாங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியல. மேலாளரு மூணு வரைபடச் சுருளைக் கொண்டாந்து முன்னாடி வச்சு, நாளைக்கு வேணும்னு சொல்லிட்டே போனாரு."

"அப்புறம்?"

"உயிர் போய் மூணு மணி நேரம் ஆச்சுன்னாரு டாக்டர். அந்தச் சுருளை வச்சு ஒரு மணி நேரம்தான் ஆயிருந்துச்சு." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "பிரிச்சுப் பாத்தோம். மூணும் திருத்தி முடிஞ்சிருந்துச்சு."

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. செத்த பிறகாவது வேலையை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? ஆனாலும் அடுத்தடுத்த தாள்களில் விழுந்த பச்சைக் கோடுகள் சொன்னபடியெல்லாம் திருத்தினாள். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

நாற்பதாவது தாள் முடிந்த அன்று மேலாளர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒப்புதல்ல தம்பி பேரைப் போட்டுக்கலாம்." தம்பி என்றது போன வருடம் சேர்ந்த பொறியாளனை. "உங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்திருக்காமே. எப்படியும் போகப்போறவங்க, உங்களுக்கு எதுக்கு இது? குனிஞ்ச தலை நிமிராம வேலை பாக்குற பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திதான் பெருமையா சொல்றேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவரே பாராட்டுப் பத்திரமும் வாசிக்கிறார்.

"நாளைலேர்ந்து நான் வரல சார்" என்றாள்.

அவர் சிரித்தார்.

பையை எடுக்க மேசைக்கு வந்தாள். மாலை நாலு மணி, ஜன்னல் நிறைய வெயில். நாற்காலியின் முதுகைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

வெயில்தான் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தாள். பென்சில் சீவல் வாசனை மூக்கில் ஏறியது. பின்கழுத்தில் ஒரு கை படிந்தது. ஈரமான, சில்லென்ற கை. அது அவள் தலையை மெல்லத் தாளை நோக்கி அழுத்தியது.

அவளால் நிமிர முடியவில்லை.

"இன்னும் முடியல" என்றது காதோரம் ஒரு குரல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை இவள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வேலை பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்.

எப்படி உதறி எழுந்தாள், எப்படிப் படியிறங்கினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. பை அங்கேயே கிடந்தது, போன் மட்டும் கையில் இருந்தது.

மறுநாள் காலை கணவன் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேலாளர்தான்.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். பாத்தா எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கீங்க. காலைலேர்ந்து தலையைக்கூட நிமிர்த்தல."

"சார், நான் வீட்ல இருக்கேன்."

"விளையாடாதீங்க. கண்ணாடி வழியாத் தெரியுதே." கதவு திறக்கும் சத்தம். நடக்கும் சத்தம். "இந்த மூணு சுருளையும் இங்க வைக்கிறேன், இதையும் பாத்துடுங்க. என்னம்மா, பேசிட்டிருக்கேன்ல? கொஞ்சம் நிமிருங்களேன்."

பிறகு தாளில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் போனை அணைத்தாள்.

உரசல் நிற்கவில்லை.

அது சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. அவள் திரும்பியதும் நின்றுபோனது. மேசைமேல், புது ஊரில் வாடகை வீட்டுக்காகக் கணவன் நேற்றே நிரப்பி வைத்த விண்ணப்பம் கிடந்தது. அவளைக் கேட்காமலே நிரப்பியிருந்தான். மனைவியின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தான்.

அந்தச் சொல்லின்மேல் பச்சையில் ஒரு கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் நிதானமான கையெழுத்தில் 'கட்டட வடிவமைப்பாளர்' என்றிருந்தது.

அவர்கள் வீட்டில் பச்சைப் பென்சில் கிடையாது.

மேசையடியிலிருந்து ஒரு நாற்காலி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அவள் கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.