நாலாம் கதவுப் பாட்டு

வைகறை நகரில் காலையில் எழுந்ததும் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. திறந்தால் செவ்வாய்க் கிரகம் உள்ளே வந்துவிடும். அதற்குப் பதிலாக, வாசல் கதவுக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்து "பச்சை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொடுவார்கள். முதலில் வந்து குடியேறியவர்கள் கதவோரம் உள்ளங்கையை வைத்து, காற்று எங்காவது நழுவுகிறதா என்று தடவிப் பார்த்தார்களாம். கசிவைக் கண்டதும் விளக்கைச் சிவப்பாக்கும் கசிவுணரி வந்த பிறகு கைக்கு வேலையில்லை.

தணிகாசலம் "பச்சை" சொல்லி அறுபது நாளாகிறது. விளக்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக ஊரின் அழுத்தக் கதவுகளைப் பழுதுபார்த்தவர். அறுபது நாளுக்கு முன்னால், நாலாம் கூடத்தின் வெளிக்கதவு ரப்பரில் மயிரிழை போல ஒரு கீறலைக் கண்டார். சோதித்துப் பார்ப்பதற்காகக் கசிவுணரியைக் கழற்றி, விளக்கைப் பச்சையிலேயே நிற்கும்படி கட்டிவைத்தார். அரைமணி நேர வேலை. பத்தாவது நிமிடத்தில் அவருடைய மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விளக்கு பச்சையாகவே நின்றது. காவல் எந்திரங்கள் தினமும் வந்து, விளக்கைப் பார்த்து, 'நலம்' என்று பதிந்துவிட்டுப் போயின.

நாலாம் கூடத்தை வருடத்துக்கு ஒருமுறை, முதல் குடிகள் தரையிறங்கிய நாளன்று மட்டும் ஊருக்குத் திறப்பார்கள். முந்நூறு பேர் அங்கே கூடி, வெளிக்கதவின் கண்ணாடி வழியே பூமி ஒரு சின்ன வெள்ளியாக எழுவதைப் பார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அங்கே பாதிக் காற்றுதான், கீறல் தாங்கும். முழுக் காற்று நிரப்பினால் தாங்காது. இது தெரிந்த ஒரே மனிதருக்கு வாய் போய்விட்டது.

புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கொடுமை. கதவு என்று சொல்ல நினைத்தால் "வாளி" என்று வந்தது. மனைவி பூங்காவனத்தை "செருப்பு" என்று கூப்பிட்டார். எழுத்தும் மறந்துவிட்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையால் ஒரு கதவை வரைந்து, அதில் கீறலும் போட்டுக் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஃபரிதா "எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கீங்க சார்!" என்று அதைச் சுவரில் ஒட்டிவிட்டாள். மனைவியின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். "வேலைக்குப் போகணும்னு ஏங்குறாரு," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூளையில் பொருத்தும் பேச்சுச் சில்லு பூமியிலிருந்து வந்து சேரப் பதினான்கு மாதம் ஆகும். அதுவரை பழைய வைத்தியம்தான்.

"பேச்சு இருந்த இடம் இடது பக்கம் சார். அது அடிபட்டிருச்சு. பாட்டுக்கு வலது பக்கம் பத்திரமா இருக்கு. அந்த வழியா சுத்திக்கிட்டு வருவோம்," என்றாள் ஃபரிதா. அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வைத்து, ஒரு மேல் சுரம், ஒரு கீழ் சுரம் என்று இழுத்துப் பாடிக் காட்டினாள். "தண்ணீ… வேணும்…"

பூங்காவனத்திடம் தனியாக ஒரு விஷயமும் சொன்னாள். "ஆரம்பத்துல வார்த்தை மாறி மாறித்தான் வரும்மா. அர்த்தம் பாக்காதீங்க. குரல் வந்தாலே சந்தோஷப்படுங்க."

பாடப் பட்டியலில் நாற்பது வாக்கியங்கள் இருந்தன. கதவு அதில் இல்லை. ஃபரிதா போன பிறகு, தணிகாசலம் தொடையில் தட்டிக்கொண்டு தன்னுடைய வாக்கியத்தைத் தானே பயின்றார். "கதவு" வர மூன்று வாரம் பிடித்தது. "கசியுது" என்பதற்கு ஒன்பது நாள். ஒவ்வொரு நாள் கழியும்போதும், கூடத்தில் நிற்கப்போகும் முந்நூறு பேர் அவர் கண்முன் வந்து நின்றார்கள்.

குழந்தையின் முதல் சொல்லைப் போல, இப்படிப்பட்ட நோயாளியின் முதல் வாக்கியத்தையும் படம்பிடித்து ஊர் முழுக்க அனுப்புவது அங்கே வழக்கம். அதற்கு முதற்குரல் என்று பெயர். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் தணிகாசலத்தின் முதற்குரல் வந்தது. தெள்ளத்தெளிவாக வந்தது.

"நாலாம் கதவு… கசியுது… பச்சை விளக்கு… பொய்… பொய்…"

பூங்காவனம் விம்மி விம்மி அழுதாள். அழுதுகொண்டே படம் எடுத்தாள். ஃபரிதா கைதட்டினாள். தணிகாசலம் மறுபடி பாடினார். மேசையை ஓங்கி ஓங்கி அறைந்தார். "தாளம்கூட தப்பல பாருங்க!" என்றாள் ஃபரிதா.

ஆறாயிரம் பேர் உள்ள ஊரில் மாலைக்குள் ஏழாயிரம் இதயங்கள் குவிந்தன. யாரோ அதற்கு மிருதங்கம் சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் "பொய் பொய்" என்று குதித்தார்கள். அவருடைய இடத்தில் வேலைக்கு வந்திருந்த மாசிலாமணி இனிப்போடு பார்க்க வந்தான். "அண்ணே, நம்ம கதவை வெச்சே பாட்டு கட்டிட்டீங்களே! நம்ம ஆளுங்களுக்கே பெருமைண்ணே. நாலாம் கதவத் துடைக்கிறப்பகூட அதைத்தான் பாடுறேன்."

தணிகாசலம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"பாசத்தைப் பாருங்கண்ணி," என்றான் மாசிலாமணி பூங்காவனத்திடம்.

தரையிறங்கிய நாளில் அவர்தான் சிறப்பு விருந்தினர். சக்கர நாற்காலியில், மாலையும் கழுத்துமாக, நாலாம் கூடத்தின் வெளிக்கதவு அருகிலேயே அவரை நிறுத்தினார்கள். மேலே பச்சை விளக்கு எரிந்தது. முழுக் காற்று நிரம்பத் தொடங்கியது. முந்நூறு பேரும் கையிலிருந்த கருவியை உயர்த்திப் பிடித்தார்கள். நிகழ்ச்சி பூமிக்கும் ஒளிபரப்பாகிறது என்று அறிவித்தார்கள்.

தணிகாசலத்துக்கு அப்போது ஒன்று புரிந்தது. பாடினால் கேட்கமாட்டார்கள். பேச வேண்டும். கையைத் தட்டாமல், ராகத்தைத் தொடாமல், வெறும் பேச்சாக. உடம்பு முழுக்க வியர்த்தது. நெற்றி நரம்பு புடைத்தது. எந்த வைத்தியமும் நூறு நாளுக்குள் எட்டாத இடத்தை அந்த மனிதர் பயத்தினாலேயே எட்டிவிட்டார்.

"கதவு கசியுது," என்றார். "எல்லாரும் வெளிய போங்க."

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாட்டா பாடுங்க சார்!"

"பாட்டு! பாட்டு!" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் பாடாததால், சரி, நாமே பாடலாம் என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். நாலாம் கதவு கசியுது.

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். "பூங்கா," என்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் பெயர் சரியாக வந்தது. பூங்காவனம் கருவியைக் கீழே இறக்கினாள். அவர் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்துக் கதவோரத்தில் வைத்தார். விரல்களுக்கு நடுவே சில்லென்று காற்று இழுபட்டு ஓடியது. அவள் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள். பச்சை. பிறகு கத்தினாள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

செவ்வாயிலிருந்து கிளம்பிய ஒளிபரப்பு பூமிக்கு வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மூன்றாவது சுற்றில் படமும் பாட்டும் சட்டென்று நின்றுவிட்டாலும், பார்த்தவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்கு லட்சம் பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் மட்டும், குரல்கள் அருமை, பின்னால் கேட்கும் விசில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்.