அச்சப்பூட்டு

லேத் இயந்திரத்தின் இரைச்சல் நின்றதும் பூங்கோதை அடுப்பைத் தணித்தாள். வீட்டின் பின்கட்டில் இருந்த பட்டறையிலிருந்து இனி அழைப்பு வரும்.

"ஏ புள்ள, கையத் தொடச்சுட்டு வா. ஈரக்கை ஆகாது."

அவள் முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் கணவன் விசாகன் பணிமேசையின் இடுக்கியிலிருந்து துப்பாக்கியை விடுவித்து, தோட்டா எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினான். அவள் பிடித்தாள். விரல்கள் முழுதாக மூடுவதற்குள், கைப்பிடிக்கு மேலே பச்சைப் புள்ளி எரிந்தது.

"பாத்தியா! தொட்டவொடனே புடிக்குது. கம்பெனிக்காரன் வெச்ச தகட்டுல ஒருக்காலாச்சும் இப்படிப் புடிச்சுதா?"

"இல்லீங்."

"குடு."

அவன் கைக்கு மாறியதும் புள்ளி அணைந்தது. விசாகன் கைப்பிடியை இறுக்கினான், தளர்த்தினான், மூச்சை அடக்கிப் பார்த்தான். துப்பாக்கி வெறும் இரும்பாகக் கிடந்தது.

தற்காப்புக்காக ஆயுதம் எடுப்பவர் உண்மையாகவே உயிருக்கு அஞ்சியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பழைய நிபந்தனை. அந்த அச்சம் இருந்ததா என்பதை, எல்லாம் நடந்து முடிந்தபின், சாட்சிகளின் வாயிலிருந்து நீதிமன்றங்கள் ஊகித்துக்கொண்டிருந்தன. அச்சப்பூட்டு வந்தபின் ஊகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கைப்பிடியில் பதித்த உணர்தகடு பிடித்தவரின் தோலையும் நாடியையும் படிக்கும். உண்மையான அச்சம் இருந்தால் மட்டுமே விசையை விடுவிக்கும். சினத்தை அது அடையாளம் கண்டு மறுத்தது. போதையையும் பாசாங்கையும் மறுத்தது. யாருடைய கை என்பதை மட்டும் அது கேட்கவில்லை. அச்சத்தைப் பொய்யாக உண்டாக்க முடியாது, ஆகவே பெயர் தேவையில்லை என்றார்கள் அதை வடிவமைத்தவர்கள். காவல் நிலையங்கள் சுருக்கப்பட்ட புறநகர்களில் வீட்டுக்கு ஒரு தானேற்றி வழங்கப்பட்டது. சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்பதால் அந்தப் பெயர்.

ஆண்டுக்கொருமுறை ஒப்புநாள். அன்று, துப்பாக்கிக்கு உரியவர் சோதனை அலுவலரின் முன்னால் புள்ளியை எரியவைத்துக் காட்ட வேண்டும். அஞ்சாதவருக்கு ஆயுதம் எதற்கு என்பது அரசின் வாதம், தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்தத் தர்க்கம் மனிதர்களை வேறொரு விதமாகச் செதுக்கியது. அச்சம் ஒரு தகுதியாயிற்று. ஒப்புநாள் நெருங்க நெருங்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் கொள்ளைகள் பெருகின. அச்சப் பயிற்சி நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. சூலூருக்குத் தெற்கே அந்தக் குடியிருப்பின் டீக்கடையில், தம் வீரத்தைப் பேசிய தலைமுறை போய், தம் நடுக்கத்தைப் பேசிப் பெருமைப்படும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பூட்டைத் தவிர மற்ற எதையும், தகட்டைக்கூட, மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பட்டறைகள் இரைந்தன. ஒருவர் வேப்பமரத்தில் துப்பாக்கியின் பின்கட்டையைச் செதுக்கினார். இன்னொருவர் குலதெய்வத்தின் பெயரைப் பித்தளையில் வெட்டிப் பதித்தார். விசாகன் அலங்காரத்தை ஏளனம் செய்பவன். பம்ப் அச்சுகளை மயிரிழைப் பிசகில்லாமல் கடைந்து பெயர் வாங்கியவன். தன் கையில் புள்ளி எரியாததற்குக் காப்புக் காய்த்த உள்ளங்கையும் மந்தமான தகடுமே காரணம் என்று அவன் முடிவு செய்திருந்தான். தனக்குள் ஒன்று இல்லாமலிருக்கலாம் என்பது அவன் யோசித்த காரணங்களில் சேரவில்லை.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த அளவுகோலையும் நம்புவதற்கு முன், மாறாத அளவுள்ள ஒரு மூலத்துண்டை அதில் வைத்துச் சரிபார்ப்பார்கள். பூங்கோதையின் கையில் புள்ளி தவறாமல் எரிந்ததால், அவள் கையையே அவன் மூலத்துண்டாக வைத்துக்கொண்டான். கைப்பிடியை அவள் பிடிக்கு ஏற்ப அரத்தால் ராவினான். அவளுடைய வலது சுண்டுவிரல் உடைந்து, வளைந்தே கூடியிருந்தது. அந்த வளைவுக்காக ஒரு சிறு பள்ளத்தை மிகுந்த பொறுமையோடு குடைந்தான். விரலை உடைத்தவன் தான்தான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைவில் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல வேலைக்காரனின் முகத்தோடு, விரலைத் திருப்பித் திருப்பி அளந்தான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தத் துப்பாக்கி அவன் கையில் ஒருநாளும் திறக்கக் கூடாது. ஒப்புநாளில் அவன் தோற்று, அது அரசிடமே திரும்பிப்போக வேண்டும். அவன் கையும் அவன் எறியும் பொருள்களும் அவள் அறிந்தவை. அவற்றிலிருந்து விலகி நிற்கும் தூரமும் அறிந்தது. தானேற்றிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல.

பக்கத்து வீட்டு ராசப்பன் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தான்.

"என்ன மாப்ள, பயம் வந்துச்சா?"

"தகடு ரெடி. நாளைக்குப் பாரு."

"தகடு கெடக்குது போ. நீ ஒருக்கா எங்கூட்டுக்கு வந்து என்ற மாமியா முன்னால நில்லு. தன்னால எரியும்."

ராசப்பன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். விசாகனும் சிரித்தான். பூங்கோதை அவர்களுக்குத் தேநீர் வைக்கப் போனாள்.

ஒப்புநாள் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடை மேல் ஒரு திரைக்கூண்டு. அதற்குள் கதவு உடையும் ஓசையும், இருட்டில் நெருங்கும் காலடிகளும் ஒலிக்கும். மேசைக்குப் பின்னால் சோதனை அலுவலர் மெஹருன்னிசா அமர்ந்திருந்தார். ராசப்பன் கூண்டுக்குள் நின்று, மகள் போகும் கல்லூரிப் பேருந்து பள்ளத்தில் உருள்வதாக நினைத்து, கண்ணீரோடு தேறி வந்தான். கை தட்டினார்கள்.

விசாகன் கூண்டுக்குள் நின்றான். கதவு உடைந்தது. காலடிகள் நெருங்கின. அந்த ஒலிபெருக்கியில் எங்கோ ஒரு திருகு தளர்ந்து அதிர்வதைத்தான் அவன் காது கவனித்தது. புள்ளி எரியவில்லை.

"போதும். வெளியே வாங்க," என்றார் மெஹருன்னிசா.

கீழே உட்கார்ந்திருந்த பூங்கோதை மெல்ல மூச்சு விட்டாள்.

"பொறுங்க மேடம்," என்றான் விசாகன். "தகடு வேலை செய்யுதான்னு பாக்காம தோத்துட்டேன்னு எப்படிங்க சொல்லுவீங்க? மூலத்துண்டு இருக்குது, வெச்சுப் பாருங்க. பூங்கோதை, மேல வா."

"வேண்டாமுங்க."

"வான்னா வா."

அவள் ஏறிவந்தாள். கையில் கொடுத்ததும் பச்சைப் புள்ளி எரிந்தது.

"பாருங்க!" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். சிலர் கை தட்டினார்கள். மெஹருன்னிசா தட்டவில்லை. அவர் புள்ளியை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க," என்றார் விசாகனிடம்.

"எதுக்குங்க?"

"அளவு பாக்கத்தான்."

அது அவன் மதிக்கும் சொல். அவன் இறங்கி நடந்தான். கடைசி வரிசையைத் தாண்டி வாசலுக்கு வெளியே அவன் மறைந்ததும் புள்ளி மங்கி அணைந்தது.

"வாங்க."

அவன் உள்ளே வந்தான். மண்டபத்தின் பாதியைக் கடக்கும்போது புள்ளி மீண்டும் எரிந்தது. கை தட்டியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

விசாகன் மேடையருகே நின்று புள்ளியைப் பார்த்தான். பிறகு, யாரும் கேட்காமலேயே, திரும்ப வாசலுக்குப் போனான். அணைந்தது. ராசப்பனை மேடைக்கு நடக்கச் சொன்னான். எரியவில்லை. தானே நடந்துவந்தான். எரிந்தது. இரண்டாம் முறையும் மாறாமல் வரும் அளவை அவன் தன் தொழிலில் ஒருநாளும் மறுத்ததில்லை. முகம் வெளிற அப்படியே நின்றான்.

முன்வரிசைப் பெண்கள் சிலர், தங்கள் கணவர்களின் மடியில் கிடந்த துப்பாக்கிகளைப் பார்த்தார்கள்.

"யார் கையில பூட்டு திறக்குதோ அவங்களுக்குத்தான் துப்பாக்கி. சட்டம் அப்படி," என்றார் மெஹருன்னிசா. "இனிமே இது உங்களுது. உங்க பேரு?"

"பூங்கோதைங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு தொடாம இருக்க ஏதாச்சும் வழி உண்டுங்களா?"

"தொட்டா என்னம்மா? பயமில்லாதவர் கையில அது இரும்புதான். பூட்டைச் செஞ்சதே அதுக்குத்தான்."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அச்சத்தின் அளவைக் கேட்கத்தான் அவருக்கு அதிகாரம் இருந்தது. அதன் காரணத்தைக் கேட்க இல்லை. தோட்டாக்களை உள்ளே இட்டு, துப்பாக்கியைப் பூங்கோதையின் தோளில் மாட்டிவிட்டு, "அடுத்தவங்க," என்றார்.

திரும்பும் வழியில் துப்பாக்கி அவள் மடியில் கிடந்தது. விசாகன் காரை மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பார்வை சாலையிலிருந்து அவள் மடிக்கு வந்து போயிற்று.

"தண்ணி வேணுமா?" என்றான்.

இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு வேண்டியதை அவன் கேட்டது இதுவே முதல்முறை என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பிடியைப் பற்றியிருந்த தன் கையைப் பார்த்தாள். புள்ளி எரியவில்லை. தகடு கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பதறினாள், பிறகுதான் விளங்கியது. தகடு சரியாகவே இருந்தது. அவளிடம் அச்சம் இல்லை. இவ்வளவு இலேசாக ஓர் உடல் இருக்க முடியும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவன் கையில் அது இரும்பு. மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

"இன்னைக்கு நான் சமைக்கறதில்லைங்க."

"சரி."

"என்ற ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். நீங்களே கடைஞ்சு மாட்டுங்க. நல்லா வேலை தெரிஞ்ச ஆளுதான நீங்க?"

"சரி பூங்கோதை."

புள்ள என்று அழைக்கவில்லை. அவள் ஜன்னலருகே போய் நின்று, பின்கட்டில் ஓசையற்றுக் கிடந்த பட்டறையைப் பார்த்தாள். பேசப் பேச இன்னும் பேச வந்தது.

"இந்த வெரலுக்கு ஒரு பள்ளம் ராவினீங்களே, அப்பவாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? நானும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அதத்தான் எதிர்பாத்துட்டு நின்னேன். உங்களுக்கு அரம்தான் கண்ணுல பட்டுது."

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவள் திரும்பினாள்.

விசாகன் மேசையருகே நின்றிருந்தான். அவளுக்கும் தனக்கும் நடுவில் அந்தத் துப்பாக்கி கிடப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அப்பால் எடுத்து வைக்க மட்டுமே நினைத்தான் போலும். அவன் நெற்றி வியர்த்திருந்தது. அவளுடைய விரல்களுக்காகக் குடைந்த கைப்பிடியை, பொருந்தாத தன் விரல்களால் பற்றித் தூக்கியிருந்தான்.

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

முதலில் அதைக் கண்டவன் அவன்தான். பல மாத வேலை கடைசியில் கைகூடிய தொழிலாளியின் மகிழ்ச்சி அந்த முகத்தில் ஒருமுறை மின்னியது.

"புடிச்சிருச்சு," என்றான்.

பிறகு மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கையோடு துப்பாக்கியின் குழாயும் நிமிர்ந்தது. அதைத் தாழ்த்தினால் அவள் வந்து பறித்துக்கொள்வாள் என்று அவன் அஞ்சினான். அஞ்ச அஞ்சப் புள்ளி இன்னும் பளிச்சென்று எரிந்தது.

பூங்கோதை பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள். பூட்டைத் திறக்கப் போதுமான அச்சம் இப்போது அவளிடமும் இருந்தது. கைகள்தான் வெறுமையாக இருந்தன.