வாயாடி பேசாமல் இருந்த ஒரு மணி நேரம்

என் தம்பிக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். நான்கு வயதில் தூக்கத்தில்கூடப் பேசுவான். அவன் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் இருந்தது ஒரே ஒரு நாள்தான். அதுவும் எனக்காக.

அப்போது எனக்குப் பத்து வயது. என் எலும்புக்குள் ரத்தம் உண்டாகும் இடம் பழுதாகிவிட்டது. தம்பியின் ரத்தத்திலிருந்து சில அணுக்களைப் பிரித்தெடுத்து எனக்கு ஏற்றினால் நான் பிழைத்துக்கொள்வேன் என்றார் டாக்டர். அந்த அணுக்கள் பெருக அவனுக்கு நான்கு நாள் ஊசி போட்டார்கள். ஒவ்வோர் ஊசிக்கும் ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுவான். அழுது முடித்ததும், "அக்காவுக்கு நாளைக்கும் வேணுமா?" என்று கேட்பான்.

ஐந்தாம் நாள் காலையில் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்தில் மெல்லிய குழாய் பொருத்தி, கண் விழித்ததும் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நானும் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அம்மா இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

அணுக்களைப் பிரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் 'மெஷின் அக்கா' என்றே கூப்பிட்டோம். வேலை தொடங்கும் முன் அவர் மெஷினின் குழாய்களில் வேறு யாரோ தந்த ரத்தத்தை நிரப்பினார். ஏன் என்று கேட்டேன்.

"இந்தக் குழாய் நிறையவே ஒரு டம்ளர் ரத்தம் வேணும். உன் தம்பி உடம்புல மொத்தமே அஞ்சாறு டம்ளர்தான் இருக்கு. அதுல ஒண்ணை வெளிய எடுத்தா தாங்குவானா? அதான் கடன் வாங்கியிருக்கோம்."

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து சேர்ப்பார்களாம். அது உடம்பில் உள்ள கால்சியத்தைக் குறைத்துவிடுமாம். அப்போது உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் இருக்குமாம். பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றார்.

கேட்கவும் செய்தார். வாயாடி பதிலே சொல்லவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லையோ என்று மெஷின் அக்கா அவன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அப்பா மட்டும் பெருமையாக, "சமத்துப் பையன்" என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. இவனாவது, பேசாமல் இருப்பதாவது.

அப்போதுதான் அவன் மூக்கைக் கவனித்தேன். முயலின் மூக்குபோல் அது சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

அந்த மூக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா சலூன் வைத்திருந்தார். முடி வெட்டும்போது பேசினால் முடி வாய்க்குள் போய்விடும் என்பதால், கத்தரி ஓடும்வரை எங்கள் இருவருக்கும் வாய்ப்பூட்டு. மூக்கில் முடி விழுந்து கூசினால் வாயாடி இப்படித்தான் மூக்கைச் சுருக்குவான். பவுடர் பிரஷ்ஷால் தட்டிவிடுவது என் வேலை.

ஆனால் இங்கே முடி ஏது?

பக்கத்தில் போய், "உதட்டுல எறும்பு ஊருதாடா?" என்று கேட்டேன்.

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, இவன்கிட்ட என்ன சொல்லி வச்சீங்க?"

அப்பா விஷயத்தைச் சொன்னார். முடி வெட்டும்போது இருப்பதுபோல் இரு, அசைந்தாலோ வாயைத் திறந்தாலோ அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று காலையில் சொல்லியிருக்கிறார். பையன் குழாயைப் பிடுங்கிவிடுவானோ என்று அவருக்குப் பயம்.

"அப்போ நீங்களே பேசச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னாதான் பேசுவான்."

அப்பா குனிந்து அவன் தலையைத் தடவினார். "பேசுடா ராஜா."

"எறும்பு கடிக்குதுப்பா," என்றான் வாயாடி. "அக்காவுக்குக் கிடைச்சிடுச்சா?"

அதற்குள் மெஷின் அக்கா மெஷினின் வேகத்தைக் குறைத்திருந்தார். நரம்பு வழியாகப் போகும் கால்சியத்தைக் கூட்டினார். இப்படியே விட்டிருந்தால் கை கால் இழுத்துக்கொள்ளும், இதயத்துக்கே ஆபத்து என்று அப்பாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். அப்பா மறுபடியும் தம்பி பக்கம் குனிந்தார்.

"அப்பா தப்பா சொல்லிட்டேன்டா. இங்க சொன்னாதான் அக்காவுக்குக் கிடைக்கும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் சொல்லு."

கேட்க வேண்டுமா? கொஞ்ச நேரத்தில் எறும்பு போய்விட்டது என்று சொன்னான். இடது கால் கட்டைவிரல் குளிர்கிறது என்றான். கூரையில் இருக்கும் கறை ஒட்டகம் மாதிரி இருக்கிறது என்றான். மெஷின் அக்காவின் செருப்பு கீச்கீச் என்கிறது என்றான். அவர் ஒவ்வொன்றுக்கும், "சொன்னதுக்கு நன்றிங்க சார்" என்றார். மீதி மூன்று மணி நேரமும் இதே கதைதான்.

கடைசியில் ஒரு சின்னப் பை நிறைந்தது. தக்காளிச் சாறு நிறம். அதிலிருந்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எனக்கு இதுவே போதும், நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். அப்பா மெஷின் அக்காவைப் பார்த்துக் கைகளைக் குவித்தார்.

இருபத்தாறு வருடங்கள் ஓடிவிட்டன. அப்பாவும் இப்போது இல்லை. நானும் தம்பியும் இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை வந்தால், "உன் உடம்புல ஓடுறது என் ரத்தம், ஞாபகம் வச்சுக்கோ" என்பான். நானும் விடமாட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

ஆனால், "வாயை மூடு" என்று மட்டும் அவனிடம் இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.