அடி தட்டாத பீப்பாய்

மரக்கறித் தோலைக் கொட்டுவதற்காகப் பீப்பாயின் மூடியைத் தூக்கியபோது பூரணிக்கு அழுகல் நாற்றம் வரவில்லை; பால் வாடை வந்தது. மூன்று வாரத்துக்கு முன் போட்ட லீக்ஸ் தழையும் முட்டைக்கோசு இலையும் நேற்றுப் போட்டவை போல நிறம் மாறாமல் கிடந்தன. ஆனாலும் உள்ளே சூடு இருந்தது. மஸ்கெலியா மழையில் லயத்து வரிசை வீடுகளின் தகரங்களும் தேயிலைச் செடிகளும் நனைந்து விறைத்து நிற்க, இந்தத் தார்ப் பீப்பாயிலிருந்து மட்டும் மெல்லிய ஆவி, யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதைப் போல, விட்டுவிட்டு எழுந்தது.

பிரசவத்துக்கு முந்திய மாதம் அவள்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக் குப்பையையும் களையையும் மக்கவைக்கப் புருஷன் நல்லமுத்து மூன்று வழி சொன்னான்: குழி, பழைய தேயிலைப் பெட்டி, தார்ப் பீப்பாய். குழியைப் பன்றி கிளறும். பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது.

“பீப்பாய்னா அடியைத் தட்டி எடுக்கணும். மண்ணுல ஒட்டுனாத்தான் மக்கும்” என்றான்.

“எலி வருமுங்க. அடி இருக்கட்டும்.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவன் அவன். வீட்டில் வாதம் பண்ணிப் பழகாதவன். சரி என்று விட்டான்.

பிள்ளைக்கு இன்று இருபத்தொரு நாள். விடிந்ததும் இரண்டு தும்மல் போடும். எப்போதும் இரண்டு. நான்கு நாளாகத் தும்மவில்லை. அழவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்காமல் கூரையைப் பார்த்தது. கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்தும் இன்று உடம்பு சில்லென்றிருந்தது.

நல்லமுத்து மருந்து எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தான். அவனுடைய காய்ச்சல் மானியை எடுத்து உதறிப் பிள்ளையின் கக்கத்தில் வைத்தாள். பாதரசம் அசையவில்லை. மானி பழுதோ என்று பார்க்க, பீப்பாய்க் குப்பைக்குள் செருகினாள்.

தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. உயிருள்ள உடம்பின் சூடு.

மறுபடி உதறினாள். மறுபடியும் அதே.

பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த மருத்துவச்சி வேலாயி, காலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். “என்னம்மா, ஐஸ் பொட்டியிலயா வச்சிருந்தீங்க?”

பூரணி சிரிக்கவில்லை. “வேலாயிக்கா, நஞ்சுக்கொடிய எங்க பொதைச்சீங்க?”

வேலாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

“அன்னைக்குக் கொட்டுன மழை தெரியுந்தானே. மம்பட்டி போட்ட எடமெல்லாம் தண்ணி. பீப்பாயில போட்டாலும் மண்ணுக்குத்தானே போகப்போகுதுன்னு…”

“அதுக்கு அடி இருக்கு.”

“எல்லா வீட்லயும் தட்டித்தான் வைப்பாங்க. நான் அப்படி நெனச்சுப்புட்டேன், தாயி.” அவள் குரல் இறங்கியது. “மண்ணைத் தொட்டாத்தான் அது அடங்கும். இப்பவே குழி வெட்டிக் கொட்டிருங்க. நான் தொடமாட்டேன்.”

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் கிடத்திக் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுப் பூரணி மம்பட்டியை எடுத்தாள். மதியத்திலேயே பனிமூட்டம் வேலியை மறைத்திருந்தது. பிரசவத்தில் தையல் போட்ட இடம் இழுத்தது. நிறுத்தவில்லை. முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம். போதும்.

பீப்பாயைச் சாய்த்தாள். தோலும் தழையும் இவ்வளவு கனக்குமா? உள்ளே ஏதோ உருண்டது. மெத்தென்று விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்கக் கூடாது. மண்ணைத் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். ஏறி மிதித்தாள். கால் பதியும்வரை மிதித்தாள்.

ஆவி நின்றது.

பிள்ளைக்குச் சூடு வந்திருக்கும். ஓடினாள்.

தொட்டில் சேலை கனத்துத் தொங்கியது. விலக்கினாள்.

முட்டை ஓடு. லீக்ஸ் தழை. கறுத்து நனைந்த தேயிலைச் சக்கை. பிள்ளையின் அளவில். பிள்ளை கிடந்த வாக்கில், முழங்கால் மடித்து. மேலே குல்லாய்.

வெளியே, மிதித்து இறுக்கிய மண்ணுக்கு அடியில், ஒரு தும்மல்.

மம்பட்டியைத் தேட நேரமில்லை. நகத்தால் பறித்தாள். மார்பில் பால் சுரந்து மண்ணில் சொட்டியது. இரண்டாவது தும்மலுக்குக் காதைக் கொடுத்தபடியே பறித்தாள். மண் சூடாக இருந்தது.

பிறகு வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு, மழைத் தண்ணீரைப் போலச் சில்லென்று.