ஒழுகட்டும்

சத்தம் நின்றுபோனதைத்தான் ஷோனா முதலில் கவனித்தாள். குடிவந்த மூன்று வாரமாகச் சமையலறைச் சுவருக்கு வெளியே, வீட்டைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து போகும் செப்புக் குழாயின் வாயில் ராப்பகலாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது சொட்டவில்லை. சொட்டியதெல்லாம் நடைபாதையில் பனிக்கட்டியாக இறுகி, பக்கத்து வீட்டு மிஸஸ் பெட்ரி வழுக்கி விழுந்து, வீட்டு உரிமையாளரோ நாலு முறை போன் போட்டும் 'வியாழக்கிழமை ஆள் வரும்' என்று ஒரே பாட்டைப் பாடியதில் வெறுத்துப்போன அவள் கணவன் டூகல், கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், காலையில் அந்தக் குழாய் வாயை ஒரு பித்தளை மூடியால் இறுகத் திருகி அடைத்துவிட்டுப் போயிருந்தான்.

அபர்டீனில் டிசம்பர் மாதம். மணி மூன்றரைதான், வெளியே இருட்டிவிட்டது. மாடியில் எட்டு மாத மகன் ஈவன் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்த பேபி மானிட்டரில் அவன் மூச்சு சன்னமாக ஏறி இறங்கியது.

பாய்லரின் அடியில் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். இரண்டரையைக் காட்டியது. மூன்றில் சிவப்புக் கோடு. அதைத் தொட்டால் வால்வு தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். வெளியே போகும் வழியில்தான் இப்போது மூடி இருந்தது.

டூகலுக்குப் போன் போட்டாள். ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தான்.

"ஒழுகறது நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லு."

"நின்னுச்சு. ஆனா முள்ளு ஏறுது."

"அணைச்சுப் போடு, ஆறினா இறங்கிடும். பெரிய படிப்பெல்லாம் படிச்சவ, இதுக்கும் நான்தான் வரணுமாடி?"

"நீ ஒண்ணும் வர வேணாம், போ."

பாய்லரை அணைத்தாள். இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று முனகுமே, அந்த முனகல்கூட வரவில்லை. தண்ணீர் நிரப்பும் வளைகுழாயைத் தடவிப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. சந்தேகத்துக்குக் கழற்றியே போட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு, வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்தினாள். சமையலறைக் குழாய் ஒருமுறை இருமி அடங்கியது. இனி ஒரு சொட்டுக்கூட உள்ளே வர வழியில்லை.

முள் இரண்டே முக்காலுக்கு வந்திருந்தது.

பாய்லருக்குப் பின்னால் காற்று நிரப்பிய சிவப்புக் கலம் ஒன்று உண்டு. அதன் முனையை, சைக்கிள் டயரில் செய்வதுபோல, நகத்தால் அழுத்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியே வர வேண்டும். அழுத்தினாள். வெளியே வரவில்லை. அந்த முனை அவள் விரல் நுனியை மெல்ல உள்ளே இழுத்தது. ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை அடித்தது.

கையை உதறிக்கொண்டாள். கலத்துக்கு அருகே, பிளாஸ்டிக் உறைக்குள், பாய்லரின் பராமரிப்புப் புத்தகம் தொங்கியது. வீட்டு உரிமையாளர் ஒருநாளும் திறந்திருக்க மாட்டார். ஒன்பது குளிர்காலம், பழுதுபார்க்க வந்த ஒரே ஆளின் கையெழுத்து. வால்வு மாற்றப்பட்டது. வால்வு மாற்றப்பட்டது. கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனா தாளைக் கிழித்திருந்தது.

'வால்வில் கோளாறு இல்லை. ஒழுகட்டும். அடைக்காதே.'

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே குழாயிடம் ஓடினாள். செருப்பு பனிக்கட்டியில் வழுக்கியது, முழங்கால் கிழிந்தது. மூடி சுட்டது. அணைத்து அரை மணி நேரம் ஆன பிறகும் சுட்டது. சட்டைப்பைக்குள் ஈவனின் மூச்சு. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூடி கழன்று விழுந்தது.

ஒரு சொட்டு வரவில்லை.

குழாய்க்குள் விரலை விட்டாள். காய்ந்து கிடந்தது.

சமையலறைக்குத் திரும்பினாள். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அத்தனை தண்ணீரும் எங்கேயோ போய்விட்டது. தரை ஈரமில்லை.

மானிட்டரில் ஏதோ கீழே விழுந்த சத்தம். சின்னது. பித்தளை.

படிகள். இருட்டு. அந்த ஈரத்துணி வாடை.

ஈவனின் கதவு திறந்து கிடந்தது. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில், காற்று வெளியேற்றும் திருகு கம்பளத்தின்மேல் கிடந்தது. அது இருந்த ஓட்டை, வெறும் கறுப்பு. அங்கிருந்து கம்பளத்தில் ஈரத் தடங்கள். ஐந்து விரலும் பதிந்தவை. முதல் தடம் குழந்தையுடையது போலச் சின்னது. அடுத்தது அதைவிடப் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. கட்டில்வரை.

கட்டிலிலிருந்து திரும்பி வந்த தடம் இல்லை.

ஈவன் மூச்சு விட்டான். ஷோனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நெஞ்சு இறங்கியது. அது இறங்கியபோது, போர்வைக்கு அடியில் இன்னொன்று ஏறியது.