இருபத்திரண்டாவது பெயர்

பஸ்ஸிலிருந்த பத்துப் பெண்களும் ஒரே குரலில் "உள்ளேன்!" என்று சொல்லி முடித்த பிறகு, இன்னொரு "உள்ளேன்" கேட்டது. மெதுவாக, ஓடிவந்தவளின் மூச்சிரைப்போடு, ஒதிலியாவின் தலைக்குப் பின்னாலிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். கடைசி இருக்கையில் பைகள் மட்டுமே கிடந்தன.

"யோலிமா, யாருடி கடைசியா சொன்னது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோலிமா, அந்த ஊர்ப் பலகாரமான பொரித்த எறும்புப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினாள். "நான்தானோ என்னவோ. வாய் நிறைய எறும்ப வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? இந்தா, எடுத்துக்கோ."

முன்னால் நின்ற பிரிசேய்தா அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்தவள். ஐம்பத்து மூன்று வயதிலும் அந்தப் பதவியை விடவில்லை. புக்காரமாங்கா நகரத்திலிருந்து எங்கே கிளம்பினாலும் பழைய வருகைப் பட்டியலின்படிதான் பெயர் கூப்பிடுவாள். இறந்துபோன தோழியின் பெயர் வரும்போது எல்லோரும் சேர்ந்து அவளுக்காக "உள்ளேன்" என்பார்கள். அந்த ஊர்ப்பக்கம் இறந்தவர்களை யாரும் பட்டியலிலிருந்து அடிப்பதில்லை. இருபத்திரண்டு, பாபோன் லிகியா. அவர்கள் வகுப்பில் இறந்தவள் அவள் ஒருத்திதான்.

"இருபத்து மூணு. ராங்கெல் ஒதிலியா!"

"உள்ளேன்," என்றாள் ஒதிலியா.

பட்டியலில் அடுத்தடுத்த எண் என்பதால் அவளும் லிகியாவும் ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கடைசியாக லிகியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தது, இன்று இவர்கள் போகிற இதே சான் லாசரோ ஊருக்குப் போன பள்ளிச் சுற்றுலாவின் பஸ்ஸில்.

அன்று மாலை ஒதிலியாவுக்குப் பதினைந்து வயது நிறைகிற விருந்து. ரோஜா நிறக் கவுன் கட்டிலில் விரித்துக் கிடந்தது. அந்த ஊர் வழக்கப்படி விருந்தில் அவளோடு ஆடுவதற்கு அப்பா ஒரு மாதம் பழகியிருந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில், தன் நீல ஸ்வெட்டரை, சுற்றிப் பார்த்த பழைய கான்வென்ட்டின் முற்றத்தில் விட்டுவிட்டதாக அவள் சொன்னாள். "நீ உக்காரு, மழையில நனைஞ்சா தலை கலைஞ்சுடும்" என்று சொல்லி லிகியா இறங்கி ஓடினாள். கூட வந்த ஆசிரியை சிஸ்டர் இனேஸுக்குக் கண் பார்வை மங்கல். பட்டியலைக் காதால்தான் சரிபார்ப்பார். இருபத்திரண்டு என்றதும், விருந்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டதே என்று ஒதிலியா வாயைக் கையால் பொத்திக்கொண்டு லிகியாவின் குரலில் "உள்ளேன்" என்றாள். அடுத்த எண்ணுக்குத் தன் குரலில் இன்னொரு "உள்ளேன்." லிகியா அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து முற்றத்து நிலத்தடி மழைநீர்த் தொட்டியிலிருந்து லிகியாவின் உடலை எடுத்தார்கள். கையில் ஸ்வெட்டர் இருந்தது. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டேன் என்று சிஸ்டர் இனேஸ் எத்தனையோ முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை. அவரைத் தொலைதூர மடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒதிலியா எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாவமன்னிப்புக் கூண்டில்கூட.

கான்வென்ட் இப்போது உணவு விடுதியாகியிருந்தது. கல்தூண் வராந்தாவில் மேசை போட்டு ஆட்டுக்கறி பரிமாறினார்கள். வெயிலில் வெள்ளைச் சுவர்கள் கண்ணைக் கூசவைத்தன. ஆனால் முற்றத்தின் நடுவிலிருந்த தொட்டியின் இரும்பு மூடியிலிருந்து, எத்தனையோ வருடம் வெளிச்சம் படாத நீரின் வாடை, கறியின் சீரக மணத்துக்கும் சோளரொட்டியின் தீய்ந்த மணத்துக்கும் அடியில் ஊர்ந்து வந்து, சரியாக ஒதிலியாவின் தட்டருகில் நின்றுவிட்டதுபோல இருந்தது. மற்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். இவர்களுக்கு மணக்கவில்லையா? அல்லது மணக்காததுபோல நடிக்கிறார்களா?

சாப்பாடு முடிந்ததும் பிரிசேய்தா ஒரு பழைய வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்தாள்.

"சிஸ்டர் இனேஸ் போன மாசம் தவறிட்டாங்க. அவங்க தம்பி மக இதை எனக்கு அனுப்பினா. லிகியா போன அந்த நாளோட பக்கத்தைப் பாருங்கடி."

இருபத்திரண்டுக்கு நேராக ஒரு புள்ளி. அதன் அருகே நடுங்கிய எழுத்தில்: 'குரல் கேட்டது. கடவுள் சாட்சி.'

பிரிசேய்தாவின் பார்வை மேசையைச் சுற்றி வந்தது. ஒதிலியாமேல் ஒரு நொடி கூடுதலாக நின்றதோ? இந்தப் பயணத்தைத் திட்டமிட்டதே இதற்காகத்தானா? காலையில் பஸ்ஸில் கேட்ட அந்தக் குரலும் இவள் ஏற்பாடா?

"அப்ப நம்மள்ல யாரோதான் சொல்லியிருக்கா," என்றாள் ஒருத்தி.

யோலிமா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "யாரா இருந்தா என்னடி? பதினஞ்சு வயசுப் புள்ள. இன்னிக்கு அவ வாயத் தொறந்து சொன்னா, நான் எந்திரிச்சுப் போய்க் கட்டிப்பிடிச்சுக்குவேன். அவளும் இத்தனை வருசம் தூங்கியிருக்க மாட்டா, பாவம்."

மேசைக்குக் குறுக்கே ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. எழுந்து நான்கடி நடந்தால் போதும். ஒரு வாக்கியம் போதும்.

'இவளும் கூட்டுதான்,' என்று நினைத்தாள் ஒதிலியா. 'தேன் தடவி வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள்.'

"ரொட்டி ஆறிடுச்சு," என்றாள் சத்தமாக. கதவு மூடிக்கொண்டது.

கோயிலில் லிகியாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒதிலியா ஏற்றியது மட்டும் மூன்று முறை அணைந்தது. காற்றுதான் என்றாள் யோலிமா. தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து அதைப் பற்றவைத்துக் கொடுத்தாள். அந்த உதவியும் ஒதிலியாவுக்கு உறுத்தியது.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கான்வென்ட் தெருமுனையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறும்போதுதான், காலையிலிருந்து போட்டிருந்த சிவப்புச் சால்வை தோளில் இல்லை என்பது ஒதிலியாவுக்குத் தெரிந்தது.

"கான்வென்ட்லதான் விட்டிருப்ப," என்றாள் யோலிமா. "நீ உக்காரு, மழையில நனையாத. நான் ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்."

அதே சொற்கள். ஏறக்குறைய அதே சொற்கள். ஒதிலியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வட்டமான, நனைந்த, கள்ளமில்லாத முகம். இத்தனை கள்ளமில்லாத முகமா?

"நீ ஒண்ணும் போக வேண்டாம்!" என்று வெடுக்கென்று சொன்னாள். கைப்பையை யோலிமாவின் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள்.

விடுதிக்காரர்கள் மேசைகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் ஆள் இல்லை. கூரை விளிம்பிலிருந்து நீர் கயிறுகளாக இறங்கியது, கற்களின் இடுக்கில் நுரைத்து ஓடியது. அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. கீழே, ஆழத்தில், யாரோ ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து உதறுவதுபோல.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் தூணருகில் இருந்தது. அதன்மேல் சால்வை இல்லை.

நீல ஸ்வெட்டர் இருந்தது. மடித்து வைத்திருந்தது. நீர் சொட்டியது.

கழுத்துப்பட்டியில் அம்மா சிவப்பு நூலால் தைத்த எண். இருபத்து மூன்று.

தொட்டியின் இரும்பு மூடி திறந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து வாசல்வரை ஈரக் காலடிகள். சின்னவை. காலணி இல்லாதவை. வாசலை நெருங்க நெருங்கப் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசி அடி ஒதிலியாவின் கால் அளவு.

வெளியே பிரிசேய்தாவின் குரல். பெயர் கூப்பிடுகிறாள்.

"இருபத்தொண்ணு!"

"உள்ளேன்!"

ஒதிலியா ஸ்வெட்டரை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசற்படி வழுக்கியது. முழங்கால் கல்லில் மோதியது.

"இருபத்திரண்டு. பாபோன் லிகியா!"

"உள்ளேன்!" எல்லோரும் சேர்ந்து. பிறகு வேறு குரல் எதுவும் இல்லை. தாமதமாக யாரும் சொல்லவில்லை.

"இருபத்து மூணு. ராங்கெல் ஒதிலியா!"

'பிரிசேய்தா, நில்லு! இதோ நான்!' வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. குளிர்ந்த, பழைய கல் வாடை வீசும் நீர் உதடுகளின் வழியே வழிந்தது.

"உள்ளேன்," என்றது பஸ்ஸுக்குள்ளிருந்து அவளுடைய குரல். நிதானமாக. இத்தனை வருடம் பழகிவைத்ததுபோல.

"எல்லாரும் வந்தாச்சு. கிளம்பலாம் அண்ணே!"

பஸ் நகர்ந்தது. ஒதிலியா ஓடினாள். ஓடினாள். நீர் தெறித்தது. பின்கண்ணாடியில் உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சம். அவள் இருக்கையில் அவளுடைய சிவப்புச் சால்வை. அதற்கு மேலே சொட்டச் சொட்ட நனைந்த கூந்தல்.

யோலிமா கைக்குட்டையை எடுத்து, "எப்படி நனைஞ்சுட்ட பாரு" என்று சொல்வதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு தாயின் பொறுமையோடு அந்தக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்ட நீர் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தலை, முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த அந்தக் கையின் சூட்டில், மெல்ல யோலிமாவின் தோளில் சாய்ந்தது.