மாசு மறுவில்லாத படம்

படம் எடுத்த மூன்றாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, குழந்தையின் இடது கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதை அவன் கண்டான். எடுத்தபோது அது இல்லை.

இருந்திருந்தால் அவன் கண்ணுக்குத் தப்பியிருக்காது. பிறந்து இரண்டு வாரம் தாண்டாத குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் பதினாறு வருடமாக அவன் பிழைப்பு. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. ஒரு ஹீட்டர், மழைச் சத்தம் போடும் ஒரு சின்னப் பெட்டி, கம்பளித் துணிகள், பிரம்புக் கூடை. தூங்கும் குழந்தையை அதில் சுருட்டிப் படுக்க வைத்துப் படம் எடுப்பான். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மூக்கின் மேல் இருக்கும் வெள்ளைப் பொடிப்பருக்கள், தன் நகத்தாலேயே கீறிக்கொண்ட கோடுகள், வெளிறிப்போய் உரியும் தோல் எல்லாவற்றையும் டிஜிட்டல் பேனாவால் தொட்டுத் தொட்டு அழிப்பான். எந்தத் தாயும் அழித்ததைக் கண்டுபிடித்ததில்லை. தன் பிள்ளை இப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்வார்கள்.

அந்தப் புள்ளியையும் தொட்டான். பக்கத்துத் தோல் வந்து அதை மூடிக்கொண்டது. சேமித்துவிட்டு எழுந்தபோது சட்டை இடது விலாவில் உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அந்த விலாவைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை, மனைவியையும் டாக்டரையும் தவிர.

படம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்தது. லைட் ஸ்டாண்டைத் தூக்கியதில் தசை பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தான். மறுநாள் மின்விசிறிக் காற்று பட்டாலே எரிந்தது. மூன்றாம் நாள் முதுகெலும்பில் தொடங்கி, அக்குளுக்குக் கீழே வளைந்து, நெஞ்சின் நடுவரை பாதி பெல்ட் கட்டியது போல் கொப்புளங்கள் வரிசை கட்டி நின்றன. டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"அக்கி. சின்ன வயசுல அம்மை வந்திருக்குமே?"

"வந்துச்சு சார். எட்டு வயசுல."

"அந்தக் கிருமி எங்கயும் போகல. நரம்புக்குள்ள சுருண்டு படுத்துத் தூங்கிட்டு இருந்திருக்கு. இப்ப முழிச்சுக்கிச்சு. நடுக்கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போகாது, பயப்படாதீங்க." மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. "பொருக்கு தட்டிக் காயற வரைக்கும் கர்ப்பிணிங்க, பச்சக் குழந்தைங்க பக்கமே போகாதீங்க. ஏற்கெனவே யாராவது பக்கத்துல இருந்திருந்தா வெக்கப்படாம சொல்லிடுங்க. அதுக்கு ஊசி இருக்கு, ஆனா பத்து நாளைக்குள்ள போடணும். தாய்க்கு முன்னாடி அம்மை வந்திருந்தா குழந்தைக்கு அது கொஞ்சம் காவல். இல்லன்னா புதுசா பொறந்த உடம்பு தாங்காது. ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?"

"போட்டோ எடுக்கறேன் சார்" என்றான். யாரை எடுக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தக் குழந்தைக்கு நேரம் கொடுத்திருந்தான். பெண் குழந்தை, பிறந்து பதினோரு நாள். தள்ளிப்போட்டால் கால்களை நீட்டிக்கொள்ளப் பழகிவிடும், கூடையில் சுருண்டு படுக்காது. அது ஒரு காரணம். தாய் நான்கு முறை போன் செய்திருந்தாள், அது இன்னொன்று. உண்மையான காரணம், 'எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம், வராதீங்க' என்று ஒரு பெண்ணிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், பிறகு எவள் தன் பிள்ளையை அவன் கையில் கொடுப்பாள்? களிம்பு தடவி, கட்டுத்துணி ஒட்டி, பனியன் போட்டு, அதன் மேல் இரண்டு சட்டை போட்டுக்கொண்டான்.

"என்னண்ணா, இந்தப் புழுக்கத்துல ரெண்டு சட்டை?" என்றாள் தாய், உள்ளே வந்ததும்.

"கொஞ்சம் குளுருதும்மா" என்றான். அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

அவள் அவன் புருவத்துக்கு மேலிருந்த பள்ளத்தைப் பார்த்தாள். "அம்மைத் தழும்பா? எனக்கெல்லாம் அது வந்ததே இல்ல. எங்கம்மா இன்னும் சொல்லும், நீ தப்பிச்சவடின்னு."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த வார்த்தைக்குப் பின்னால், சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அவன் லைட்டைச் சரிசெய்தான்.

குழந்தை தூங்கவில்லை. எந்தக் குழந்தையானாலும் பத்து நிமிடத்தில் தூங்க வைப்பான் என்பதால் தாய்மார்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் தாலாட்டு அண்ணன். "நம்ம பையன ஒரு நாளாவது தூங்க வெச்சிருக்கீங்களா?" என்று மனைவி இடித்துக்காட்டுவாள். அவன் வித்தை சாதாரணமானதுதான். இடது மார்பில் சாய்த்துக்கொண்டால் இதயத்துடிப்பு கேட்டுக் கண் சொக்கும். அன்று வலது பக்கம் வைத்து நாற்பது நிமிடம் ஆட்டினான். குழந்தை வீறிட்டது. தாயின் முகம் வாடியது. எப்போது கை மாற்றினான் என்பது அவனுக்கே தெரியாது. பதினாறு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. சூடான இஸ்திரிப்பெட்டியை விலாவில் வைத்தது போல் இருந்தது. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனது. அந்த நொடியில்கூட அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பின்னாளில் நினைக்க நினைக்க அவனைக் கூசவைத்தது அந்தப் பெருமைதான்.

கூடையில் படுக்க வைக்கத் தூக்கியபோது சட்டையில் ஈரம் தெரிந்தது. கட்டுத்துணி நழுவி, நீர் இரண்டு சட்டையையும் தாண்டிக் கசிந்திருந்தது. குழந்தையின் இடது கன்னமும் ஈரமாக மினுங்கியது. தாய் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவன் கம்பளி முனையால் அந்தக் கன்னத்தைத் துடைத்தான்.

நான்காம் நாள் படத்தைத் திறந்தபோது அந்தப் புள்ளி திரும்ப வந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

சேமிக்க மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். மாத்திரை மயக்கம். இரண்டையும் அழித்தான். ஐந்தாம் நாள் ஐந்து இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தான். சிவந்த அடித்தளம், அதன் மேல் நீர் கோத்த சின்ன முத்து. அந்த முத்தில் அவன் ஸ்டுடியோ விளக்கின் வெள்ளைச் சதுரம் பிரதிபலித்தது. விளக்கு எரியும்போது அங்கே இருந்த ஒன்றில்தான் அப்படி விழும். மழைச் சத்தப் பெட்டியை அணைத்திருந்தான், ஆனாலும் அறையில் ஏதோ மெல்ல இரைவது போல் இருந்தது. களிம்பு வாடையோடு புளித்த பால் வாடையும் வந்தது.

போனை எடுத்து அவள் எண்ணைத் திரையில் கொண்டுவந்தான். சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். எனக்கு அக்கி இருந்துச்சும்மா, உங்ககிட்ட மறைச்சிட்டேன், பாப்பாவ உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போங்க. மூன்றே துண்டு. முதல் துண்டைச் சொல்லிவிடலாம். 'மறைச்சிட்டேன்' என்பதை வாயால் சொல்வதை நினைத்தபோது காதுமடல் சுட்டது. போனைக் கவிழ்த்து வைத்தான். இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே.

பேனாவை எடுத்தான். அன்றுதான் அதைக் கவனித்தான். கன்னத்துப் புள்ளி ஒன்றை அழித்தபோது, விலாவில் ஒரு இடம் குளிர்ந்தது. பனிக்கட்டி வைத்தது போல, சுகமாக. இரண்டாவதை அழித்தான். இன்னொரு இடம்.

ஐந்தையும் அழித்தான்.

அன்று மாலை தபால் அலுவலகத்தில் வேலை முடிந்து வந்த மனைவி அவன் முதுகைப் பார்த்தாள். "பரவாயில்லையே, பொருக்கு தட்டி உதிர ஆரம்பிச்சிடுச்சு. அதுக்குள்ள இவ்வளவு சீக்கிரமா?" பிறகு, துணி மடித்துக்கொண்டே, "அந்தப் பதினோரு நாள் பாப்பா வர்றதா இருந்துச்சே, தள்ளிப் போட்டுட்டீங்கதானே?"

"அன்னிக்கே போட்டுட்டேன்" என்றான். அவள் நம்பினாள். பதினெட்டு வருடமாக அவன் சொன்னதை நம்பிப் பழகியவள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இடது பக்கமாக. வலிக்கவில்லை. நல்ல தூக்கம் வந்தது, அதுதான் அவமானமாக இருந்தது.

ஆறாம் நாள் பதினான்கு. ஏழாம் நாள் அவன் எண்ணவில்லை. காதோரத்தில் தொடங்கிக் கன்னத்தில் வளைந்து மூக்குவரை வரிசை வந்திருந்தது. எட்டாம் நாள் மூக்கைத் தாண்டி வலது கன்னத்துக்குப் போயிருந்தது. நடுக்கோட்டைத் தாண்டாது என்று டாக்டர் சொன்னது இவன் உடம்புக்குத்தான்போல. ஒவ்வொரு நாளும் மனைவி கிளம்பிய சத்தம் அடங்கியதும் முன்னறைக் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குளிர்ச்சி. முதுகெலும்பிலிருந்து பொருக்குகள் நாற்காலியில் உதிர்ந்தன. கேட்டால் குழந்தைக்காகச் செய்கிறேன் என்று சொல்வான். படத்தில் அழிந்தால் அங்கேயும் அழிந்துவிடும் என்று ஒரு குருட்டு நினைப்பு. ஆனால் பேனா தொடும்போது அவன் கவனித்தது குழந்தையின் முகத்தை அல்ல, தன் விலாவைத்தான். அது அவனுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் புள்ளிகள் இமைகளில் இருந்தன. உதட்டில். மூக்குத் துளைகளின் ஓரத்தில்.

அழிப்பதற்குப் பக்கத்தில் நல்ல தோல் வேண்டும். பக்கத்தில் நல்ல தோல் எங்கும் இல்லை. நெற்றியில் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்தான். இமையின் மேல் பரப்பினான். கண் கோடு மறைந்தது. மறைந்தால் என்ன, மெமரி கார்டில் மூலப்படம் இருக்கிறது, அதிலிருந்து கண்ணை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு இமை. மூக்கு. உதடு. விலா முழுவதும் குளிர்ந்துகொண்டே வந்தது. கை நிற்கவில்லை.

நிறுத்தியபோது திரையில் ஒரு புள்ளி இல்லை. வேறு எதுவும் இல்லை.

சேமித்தான்.

பத்தாம் நாள் காலை குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வடு இல்லை. கறுப்புத் தடம் இல்லை. கை வைத்து அழுத்தினான். வலி இல்லை. "ஒழிஞ்சது சனியன்" என்று மனைவி சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மெமரி கார்டைப் போட்டான். மூலப்படத்தைத் திறந்தான். கூடை. கம்பளி. சுருண்ட கால்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் தோல்.

அடுத்த படம். அதிலும்.

நாற்பத்திரண்டு படங்கள். எல்லாவற்றிலும்.

போனை எடுத்தான். பத்தாம் நாள்தான், இன்னும் முடியவில்லை. இந்த முறை சொல்லிவிடுவான். காறித் துப்பட்டும். ஸ்டுடியோவை மூடினாலும் சரி.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் தாய். குரலில் சந்தோஷம்.

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"அவ்வளவு சாதுவா ஆயிட்டாண்ணா. நேத்து சாயங்காலத்துலேருந்து அழுகைங்கற பேச்சே இல்ல."

"காய்ச்சல் ஏதாவது? உடம்புல புள்ளி கிள்ளி…"

"புள்ளியா? ஒரு பொட்டு கூட இல்ல. இருங்க, வீடியோல வர்றேன், நீங்களே பாருங்க."

திரையில் ஒரு அறை வந்தது. வெளிச்சமான பகல். வலது பக்கம் ஜன்னல். தொட்டில் கம்பிகள். பிறகு பாதங்கள், ஒவ்வொரு விரலிலும் அரிசியளவு நகம். முழங்காலின் மடிப்பு. தொப்புள். கழுத்து. அவன் மூச்சு விட்டான். பிறகு போன் இன்னும் மேலே போனது.

கேசத்திலிருந்து முகவாய்வரை ஒரே தோல்.

வெளிச்சம் அதன் மேல் இடது பக்கமிருந்து விழுந்தது. அவன் ஸ்டுடியோவில் விழுவது போல.

தாயின் விரல் உள்ளே வந்தது. அந்தத் தோலை ஆசையாகத் தடவியது. "மாசு மறு இல்லாம எப்படி இருக்கா பாருங்க. தாலாட்டு மாமா பாரு செல்லம். மாமாவப் பாத்துச் சிரி."

முதல் துண்டு நாக்கில் இருந்தது. எனக்கு அக்கி. அது மட்டும் வெளியே வந்தால் போதும், மற்றது தானாக வரும். உதட்டைப் பிரித்தான்.

"நல்லா இருக்கால்லண்ணா?"

"நல்லா இருக்கா" என்றான்.

தாய் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, துணி எடுக்க நகர்ந்தாள். திரையில் குழந்தை மட்டும் இருந்தது. சின்னக் கைகள் இறுகின. கால்கள் உதைத்தன. மார்பு சிவந்து, கருஞ்சிவப்பாகியது. வாய் இருந்த இடத்தில் தோல் மெல்ல உள்ளே குழிந்தது. விறைத்துப் புடைத்தது. மறுபடி குழிந்தது, முன்னைவிட ஆழமாக. சத்தமே இல்லை.